அந்தரங்கம்: நட்புக்கும் ஓர் எல்லை
அரசிடமிருந்து அந்தரங்க உரிமையைப் பெற்றுத் தந்தவர் மைசூரில் படித்த ஒரு முன்னாள் நீதிபதி. நண்பர்களிடமிருந்து அதைக் காப்பாற்றுவது யார்?

ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணி. மைசூர் அரண்மனையின் சுமார் 97,000 பல்புகளும் ஒரே நொடியில் எரிகின்றன. முற்றத்தில் காத்திருக்கும் கூட்டத்திலிருந்து ஓர் ஆரவாரம். அடுத்த கணம் கைகள் உயர்கின்றன, கைக்கொரு செல்போனுடன். சத்தியமங்கலம் மலைப்பாதை வழியாக வேன் வைத்துக்கொண்டு வந்த தமிழ்க் குடும்பங்கள், பெங்களூரின் கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர்கள், உள்ளூர்க் கல்லூரி மாணவிகள். பின்னால் அரண்மனை ஜொலிக்க, தோளோடு தோள் சேர்த்து ஒரு குரூப் போட்டோ. விளக்குகள் அணைவதற்குள் அது ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ ஏறிவிடுகிறது. ஊர், நேரம், உடன் நிற்பவர்களின் பெயர்கள் சகிதமாக.

அப்படி ஒரு படத்தில் ஆறு பேர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். படத்தைப் போட்டவருக்கு அது ஒரு நல்ல மாலையின் ஞாபகம். இரண்டாமவர், உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு வர முடியாத அளவு வேலை என்று சொல்லிவிட்டு வந்தவர். மூன்றாமவருக்கு விவாகரத்து வழக்கு நடக்கிறது. தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது கணவருக்குத் தெரியக்கூடாது என்று கவனமாக இருப்பவர். நான்காமவரும் ஐந்தாமவரும் காதலிக்கிறார்கள். வெவ்வேறு சாதி. வீட்டுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் உயிருக்கே ஆபத்து என்ற நிலைமை கர்நாடகத்திலும் ஒழியவில்லை, தமிழ்நாட்டிலும் ஒழியவில்லை. ஆறாமவருக்கு இப்படி எந்தப் பிரச்சினையும் கிடையாது. தன் படம் ஊரெல்லாம் சுற்றுவது பிடிக்காது, அவ்வளவுதான். அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

ஐந்து பேரில் ஒருவரிடம்கூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று போட்டவருக்குத் தோன்றவும் இல்லை. நண்பர்கள்தானே!

இந்த 'தானே'யில்தான் சிக்கல் இருக்கிறது. அந்தரங்கத்தைப் பற்றிப் பேசும்போது அரசாங்கத்தையும் பெரிய கம்பெனிகளையும் குற்றம் சொல்லப் பழகியிருக்கிறோம். அவை செய்வதும் கொஞ்சமல்ல. ஆனால் ஒருவர் எங்கே போகிறார், யாருடன் போகிறார், என்ன சாப்பிடுகிறார், எந்த ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்பதையெல்லாம் அன்றாடம் வெளியே சொல்பவர்கள் ஒற்றர்கள் அல்ல. அன்புள்ள நண்பர்கள்.

மகாராஜா கல்லூரி மாணவர்

அரண்மனையிலிருந்து சற்றுத் தொலைவில் இருக்கிறது மகாராஜா கல்லூரி. கே.எஸ். புட்டசாமி படித்தது இங்கேதான். 1926-ல் பிறந்த அவர், பின்னர் பெங்களூர் அரசு சட்டக் கல்லூரியில் படித்து வழக்கறிஞரானார். 1977 முதல் 1986 வரை கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி. ஓய்வு பெற்று இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 86 வயதில் பேரன் பேத்திகளோடு காலம் கழித்திருக்கலாம். 2012-ல் அவர் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். குடிமக்களின் கைரேகையையும் கண்விழிப் பதிவையும் சேகரிக்கும் ஆதார் திட்டத்துக்கு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பின்பலம் அப்போது இல்லை. அது எப்படிச் செல்லும் என்று கேட்டார்.

வழக்கு வளர்ந்தபோது ஓர் அடிப்படைக் கேள்வி முளைத்தது. இந்தியக் குடிமகனுக்கு அந்தரங்கம் என்று ஓர் அடிப்படை உரிமை உண்டா? அரசியல் சாசனத்தில் அந்தச் சொல் இல்லை. 1954-ல் எட்டு நீதிபதிகள் அமர்ந்த எம்.பி. சர்மா வழக்கும், 1962-ல் ஆறு நீதிபதிகள் அமர்ந்த கரக் சிங் வழக்கும் அப்படி ஓர் உரிமை இல்லை என்றே சொல்வதாக அரசுத் தரப்பு வாதிட்டது. எட்டு பேர் சொன்னதை மாற்ற ஒன்பது பேர் வேண்டும். ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று, 547 பக்கத் தீர்ப்பில், ஒன்பது பேரும் ஒருமித்துச் சொன்னார்கள்: உண்டு.

அந்தரங்கம் வசதி படைத்தவர்களின் கவலை, ஏழைக்குச் சோறுதான் முக்கியம் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. இன்னொன்றையும் சொன்னது. ஒருவர் பொது இடத்துக்கு வந்துவிட்டார் என்பதாலேயே தன் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை. அது இடத்தோடு ஒட்டியது அல்ல, ஆளோடு ஒட்டியது. அரண்மனை முற்றத்தில் ஆயிரம் பேர் நடுவில் நின்றாலும் அது அவருடன் நிற்கிறது.

தமிழர்களுக்கு இந்த விவாதம் புதிதல்ல. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிட முனைந்த 'நக்கீரன்' பத்திரிகையின் வழக்கில் 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு பத்திரிகைச் சுதந்திரத்துக்குக் கிடைத்த வெற்றியாகவே பேசப்பட்டது. அதே தீர்ப்பில்தான், தன்னைத் தனியே விடும்படி கேட்க ஒரு குடிமகனுக்கு உரிமை உண்டு என்றும், அவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, கல்வி போன்றவற்றைப் பற்றி அவர் சம்மதம் இல்லாமல் யாரும் வெளியிட முடியாது என்றும் நீதிபதிகள் எழுதினார்கள். பொது ஆவணங்களில் இருப்பவைக்கும், அதிகாரிகள் தம் பணியில் செய்யும் காரியங்களுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை என்று விலக்கும் வைத்தார்கள். அன்று 'வெளியிடுபவர்' என்றால் பத்திரிகை ஆசிரியர். இன்று கையில் செல்போன் வைத்திருக்கும் எல்லோரும் வெளியீட்டாளர்கள். ஆசிரியரைப் போல் யோசிக்கத்தான் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

புட்டசாமி 2024 அக்டோபரில், 98 வயதில் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய தீர்ப்பு நாடெங்கும் நீதிமன்றங்களில் மேற்கோள் காட்டப்படுகிறது.

சட்டம் நிற்கும் இடம்

அந்தத் தீர்ப்பு குரூப் போட்டோவில் நிற்கும் ஆறாமவருக்கு உதவுமா? அடிப்படை உரிமை என்பது முதலில் அரசுக்கு எதிரானது. தனிநபர்களுக்கு எதிராகவும் அதை நிலைநாட்டலாம் என்று 2023 ஜனவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வில் பெரும்பான்மையினர் சொன்னது உண்மைதான். ஆனால் ஒரு படத்துக்காக சிநேகிதன் மேல் ரிட் மனு போடுபவர் யார்?

2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தவறு செய்யும் கம்பெனிகளுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டு, சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. ஆனால் அதன் மூன்றாவது பிரிவிலேயே ஒரு விலக்கு. தனிமனிதர் ஒருவர் தன் சொந்தத் தேவைக்காகவோ வீட்டுத் தேவைக்காகவோ தகவல்களைக் கையாண்டால் இந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. நியாயமான விலக்குதான். இல்லாவிட்டால் மாமாவின் போன் நம்பரைக் குறித்துவைப்பதுகூடக் குற்றமாகிவிடும். ஆனால் சொந்த விஷயத்துக்கும் பகிரங்கத்துக்கும் நடுவிலுள்ள கோடு எங்கே இருக்கிறது என்பதைச் சட்டம் நண்பர்களின் பொறுப்பிலேயே பெரும்பாலும் விட்டுவிடுகிறது.

மிக மோசமான செயல்களுக்குத் தண்டனை இருக்கிறது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை தரக்கூடிய குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவில் இன்னும் முக்கியமான ஒரு விளக்கம் இருக்கிறது. ஒரு பெண் தன் அந்தரங்கத் தருணத்தைப் படமெடுக்கச் சம்மதித்திருக்கலாம். அதை மூன்றாம் மனிதருக்குக் காட்டச் சம்மதிக்காதபோது பரப்பினால், அதுவும் குற்றம். டெல்லி சம்பவத்துக்குப் பிறகு 2013-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட இந்த விளக்கம், 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் தொடர்கிறது.

படமெடுக்கத் தந்த சம்மதம் வேறு, பரப்பத் தரும் சம்மதம் வேறு. குற்றவியல் சட்டம் மிகக் கொடிய நேர்வுக்காக எழுதிவைத்த இந்த ஒரே வாக்கியம் சாதாரணக் குரூப் போட்டோவுக்கும் பொருந்தும். அங்கே தண்டனை கிடையாது, மரியாதை மட்டும்தான்.

335 பேர் செய்த காரியம்

நண்பரின் தகவலை நண்பரே எடுத்துக் கொடுப்பதால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 2013-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் அலெக்சாந்தர் கோகன், ஃபேஸ்புக்கில் ஒரு செயலியை வெளியிட்டார். சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லும் விளையாட்டு. அன்றைய ஃபேஸ்புக் விதிகளின்படி, செயலியைச் சேர்த்துக்கொண்டவரின் விவரங்கள் மட்டுமல்லாமல் அவருடைய நண்பர்களின் விவரங்களையும் செயலி எடுத்துக்கொள்ள முடிந்தது. நண்பர்களைத் தனியே கேட்க வேண்டியதில்லை. ஒருவர் 'சரி' என்றால் எல்லோரும் 'சரி' என்றதாகக் கணக்கு.

அந்த விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற தேர்தல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போனது 2018 மார்ச்சில் பெரும் ஊழலாக வெடித்தது. உலக அளவில் 8 கோடியே 70 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. இந்தியாவுக்கு அது தந்த கணக்குதான் நம்மைத் திடுக்கிட வைக்க வேண்டியது. இந்தியாவில் அந்தச் செயலியைச் சேர்த்துக்கொண்டவர்கள் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர்.

அதாவது ஒவ்வொருவருக்கும் சராசரியாக 1,600 பேருக்கு மேல். அந்த ஐந்தரை லட்சம் பேர் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை, எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. அவர்கள் செய்தது ஒன்றே. சிலரை நண்பர்களாக ஏற்றுக்கொண்டார்கள், அல்லது அப்படி ஏற்றுக்கொண்ட ஒருவரின் வட்டத்தில் இருந்தார்கள்.

அமெரிக்காவில் ஃபேஸ்புக்குக்கு 2019-ல் 500 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இந்தியாவில் மத்தியப் புலனாய்வுத் துறை 2021 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா மீது வழக்குப் பதிவு செய்தது. நண்பர்களின் தகவலை அள்ளும் அந்த வழியை ஃபேஸ்புக் முன்பே அடைத்திருந்தது. ஆனால் அதே காரியம் வேறு வழியில் இன்னும் நடக்கிறது. புதிதாகச் சேர்த்துக்கொள்ளும் செயலிகளில் பல, முதல் வேலையாக செல்போனிலுள்ள தொடர்பு எண்களைக் கேட்கின்றன. 'அனுமதி' என்று அழுத்துகிறோம். அதில் டாக்டர் இருப்பார், பள்ளித் தோழி இருப்பாள், எண்ணை யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட சிநேகிதியும் இருப்பாள்.

இதன் விலையைக் கடன் செயலிகள் காட்டின. சில ஆயிரம் ரூபாய்க் கடனுக்கு வாங்கியவரின் தொடர்புப் பட்டியல் முழுவதையும் எடுத்துக்கொண்டு, தவணை தவறியதும் பட்டியலில் உள்ளவர்களை அழைத்துத் திட்டுவதும், ஆபாசமாகத் திரித்த படங்களை அனுப்புவதும் வசூல் முறையாகவே இருந்தது. 2020-ன் கடைசியில் தெலங்கானாவில் சிலர் தற்கொலை செய்துகொண்ட பிறகுதான் விஷயம் பெரிதானது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் அழைப்பு விவரங்களையும் தொடக்கூடாது என்று உத்தரவிட்டது. வாங்காத கடனுக்காக வசை கேட்டவர்களின் குற்றம், கடன் வாங்கியவருக்குத் தெரிந்தவர்களாக இருந்ததுதான்.

படங்களின் கதி இன்னும் மோசம். 2022-ம் ஆண்டின் முதல் நாள், நூறுக்கும் மேற்பட்ட முஸ்லிம் பெண்களின் படங்களைப் போட்டு அவர்களை 'ஏலம்' விடுவதாக ஒரு செயலி வெளியானது. படங்கள் அந்தப் பெண்களின் சமூக வலைத்தளப் பக்கங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. 2023 நவம்பரில், குடகைச் சேர்ந்த நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் வீடியோவில் ஒட்டிப் பரப்பினார்கள். நடிகைக்காக நாடே பேசியது. தன் உடலுக்கு வேறு முகம் பொருத்தப்பட்ட அந்த இன்னொரு பெண்ணைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. இன்று ஒரு படம் வெறும் ஞாபகம் இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்து எதை வேண்டுமானாலும் செய்யக்கூடிய கச்சாப் பொருள்.

உரிமையோடு

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னால் என்ன பதில் வரும்? "என்னப்பா, உன்கிட்டே நான் கேட்டுட்டுத்தான் செய்யணுமா?" தமிழில் 'உரிமை' என்ற சொல்லுக்குச் சட்டப் புத்தகத்தில் ஓர் அர்த்தம், பேச்சில் இன்னொன்று. உரிமையோடு வீட்டுக்குள் வருவது, உரிமையோடு தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவது, உரிமையோடு திட்டுவது. அனுமதி கேட்பது அந்நியத்தின் அடையாளம். கேட்காமல் செய்வதே நெருக்கம்.

திருக்குறளில் இதற்காகவே ஓர் அதிகாரம் உண்டு. 'பழைமை', 81-வது அதிகாரம். நெடுநாள் நண்பர் எடுத்துக்கொள்ளும் உரிமைக்கு வள்ளுவர் 'கெழுதகைமை' என்று பெயர் தருகிறார். நண்பர் கேளாமல் ஒரு காரியம் செய்துவிட்டாலும் அதை விரும்பி ஏற்பார்கள் என்கிறார். கேளாமல் போட்ட படத்துக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு வேண்டுமா?

கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். அந்த அதிகாரத்தின் பாராட்டு பொறுத்துக்கொள்பவருக்கு உரியது. செய்பவருக்குக் கொடுத்த லைசென்ஸ் அல்ல. மேலும் கெழுதகைமை இரண்டு பேருக்கு நடுவில் செல்லுபடியாகிற நாணயம். சிநேகிதனின் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்வது உரிமை. அதே சட்டையைத் தெருவில் போகிறவருக்குத் தானம் செய்வது உரிமையில் சேராது. நண்பரின் படத்தை அவரோடு சேர்ந்து பார்த்துச் சிரிப்பது முதல் வகை. நானூறு பேருக்குக் காட்டுவது இரண்டாம் வகை. அந்த நானூறு பேருக்கும் அவருக்கும் எந்தப் பழைமையும் இல்லை.

அதற்குச் சற்று முன்னால் வரும் 'நட்பு' அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் உவமை எல்லோருக்கும் தெரிந்தது. இடுப்பிலிருந்து ஆடை நழுவும்போது யாரும் சொல்லாமலே அதைப் பிடிக்க விரையும் கை. நட்பு என்றால் அந்தக் கை. நழுவும் நேரத்தில் கேமராப் பொத்தானுக்குப் போகும் கைக்கு என்ன பெயர் என்று அவர் சொல்லவில்லை.

இன்னோர் ஆட்சேபமும் எழும். அந்தரங்கம் என்பதே மேல்நாட்டுச் சரக்கு, ஒரே கூடத்தில் பத்துப் பேர் படுத்துறங்கிய நம் வீடுகளில் அது எப்போது இருந்தது? அமெரிக்காவில் வாரன், பிராண்டைஸ் என்ற இரு வழக்கறிஞர்கள் 1890-ல் எழுதிய கட்டுரைதான் இந்த உரிமைக்குச் சட்ட உருவம் தந்தது என்பது உண்மையே. அவர்களை எழுதத் தூண்டியது, அப்போது புதிதாக வந்திருந்த கைக்கடக்கமான கேமராவும் வம்புச் செய்தி தேடிய பத்திரிகைகளும். கருவிக்குத்தான் ஊர் மேற்கு. நாலு பேர் முன்னால் தலைகுனிய நேர்வதன் வலி எல்லா ஊருக்கும் பொது. இதை எழுதிவைத்தவரும் ஒரு மைசூர்க்காரர்தான்.

ஊர்ப்பெயரை மாற்றியவர்

சமூகவியல் அறிஞர் எம்.என். சீனிவாஸ் 1916-ல் மைசூரில் பிறந்தவர். புட்டசாமிக்குப் பத்து வயது மூத்தவர். அவரும் மகாராஜா கல்லூரி மாணவர். 1948-ல் மைசூருக்கு அருகேயுள்ள ஒரு கிராமத்தில் பல மாதங்கள் தங்கி, அங்கே யார் யாரோடு பேசுகிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரை குறித்துக்கொண்டார். கையில் கேமரா. கிராமத்தார் வாயில் அந்தச் சொல் 'சாமரா' ஆயிற்று. நம் கோயில்களில் சுவாமிக்கு வீசும் அதே சாமரம்தான். இன்று ஒவ்வொருவரும் தமக்குத் தாமே வீசிக்கொள்ளும் சாமரமாக கேமரா ஆகிவிட்டதைப் பார்க்க அந்தக் கிராமத்தார் இல்லை.

1970 ஏப்ரலில், சீனிவாஸ் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் தங்கி எழுதிக்கொண்டிருந்த ஆராய்ச்சி மையத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். பல ஆண்டுகள் உழைத்துத் தயாரித்த குறிப்புகளின் மூன்று பிரதிகளும் எரிந்தன. பிறகு அவர் ஞாபகத்திலிருந்தே எழுதிய நூல், 'நினைவில் நின்ற கிராமம்' என்ற பொருள்படும் தலைப்பில் 1976-ல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. இந்தியச் சமூகவியலின் முக்கிய நூல்களில் ஒன்று. அதில் நட்பும் பகையும் வம்பும் பொறாமையும் தனித்தனியே அலசப்படுகின்றன. 'முகம்' என்ற விஷயமும் வருகிறது. ஒரு மனிதன் ஊரார் முன் தன் மானத்தோடு நிற்பதற்குப் பெயர்.

சுவர் மெல்லியதாக இருந்த அந்த ஊரிலும் எதை யார் முன்னால் பேசலாம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வம்பும் இருந்தது, தாராளமாகவே இருந்தது. ஆனால் கிராமத்து வம்புக்கு முகவரி உண்டு. யார் சொன்னார் என்று கேட்டுப் போய்ச் சண்டை பிடிக்கலாம். நாலு மாதத்தில் வேறு வம்பு வரும், பழையது மறந்துபோகும்.

சீனிவாஸ் அந்த ஊர்க்காரர்களில் பலரோடு நெருங்கிப் பழகியவர். அவர்களைப் பற்றி நிறையவே எழுதினார், அவர்களுடைய சச்சரவுகளையும் சேர்த்து. ஆனால் எழுதும்போது ஊரின் பெயரை மாற்றினார். நூல் முழுவதும் அது 'ராம்புரா'. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பஸ் ஏறினால் அந்த ஊருக்குப் போய்ச்சேர முடியாது. அப்படிச் செய்வது அவருடைய துறையின் வழக்கம். விவரம் அறிந்தவர்கள் உண்மையான ஊரைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதும் உண்மை. ஆனாலும் அறிஞர் ஒருவர், தம் நூலுக்குச் சம்பந்தமில்லாத வாசகரிடமிருந்து தம்மை நம்பிப் பேசியவர்களை ஒரு திரையிட்டு மறைக்க மெனக்கெட்டார். அதில் பத்தில் ஒரு பங்கு மெனக்கெடல்கூட ஒரு குரூப் போட்டோவுக்குத் தேவையில்லை.

இணையத்தில் திரை கிழிந்தால் தைப்பது கடினம். மனிதர்கள் மறந்துவிடுகிறார்கள், இணையம் மறப்பதில்லை என்ற கருத்தை 2017 தீர்ப்பில் நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் வலியுறுத்தினார். அதே ஆண்டு ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு ஒரு தகப்பனார் வந்தார். முடிந்துபோன ஒரு வழக்கில் தம் மகளின் பெயர் இணையத் தேடலில் வந்துகொண்டே இருக்கிறது, மறைக்க வேண்டும் என்றார். நீதிமன்றம் தன் பதிவகத்துக்கு அப்படியே உத்தரவிட்டது. ஒரு பெயரை மறக்கடிக்க உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. போட ஒரு விரல் போதும்.

கேட்பது எப்படி

என்ன செய்யலாம்? கம்பெனிகள் சில கதவுகளை வைத்திருக்கின்றன. பிறர் நம் பெயரைக் கோத்துப் போடும் படத்தை நாம் பார்த்து அனுமதித்த பிறகே நம் பக்கத்தில் காட்டும் வசதி ஃபேஸ்புக்கில் 2011 முதல் இருக்கிறது. கண்டவர்கள் நம்மை வாட்ஸப் குழுக்களில் சேர்ப்பதைத் தடுக்கும் வசதி 2019 ஏப்ரலில் வந்தது. இன்ஸ்டாகிராமில் நெருங்கியவர்களுக்கு மட்டும் காட்டும் தனிப் பட்டியல் 2018 முதல். ஒருமுறை மட்டும் திறக்கும் படத்தை வாட்ஸப்பில் 2021 முதல் அனுப்பலாம். இவையெல்லாம் கதவில் தாழ்ப்பாள்கள். தாழ்ப்பாள் போடத் தெரியாத தாத்தாவுக்கும், போட்டால் நண்பர்கள் தவறாக நினைப்பார்களோ என்று தயங்கும் பெண்ணுக்கும் இவை உதவுவதில்லை.

ஆகவே பொறுப்பு போடுபவரிடம் வருகிறது. அதிகம் தேவையில்லை. படம் எடுக்கும்போதே "இதைப் போடலாமா?" என்று ஒரு வார்த்தை. பத்துப் பேர் நிற்கும்போது எல்லோர் முன்னாலும் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் கூச்சமாக இருக்கும். பிறகு தனியே கேட்டால் உண்மையான பதில் வரும். பதில் வராவிட்டால் அது சம்மதம் ஆகாது. ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு போட்டால், வீடு பூட்டியிருக்கிறது என்று திருடனுக்குச் சொன்னதாகவும் ஆகாது.

சில விஷயங்களை முதலில் சொல்லும் உரிமை உரியவருக்கே. கர்ப்பம், நோய், வேலை போனது, நிச்சயதார்த்தம், சாவு. அப்பாவின் மரணத்தை மகனுக்கு முன் அவனுடைய நண்பன் ஃபேஸ்புக்கில் அறிவிப்பது அனுதாபம் ஆகாது. குழந்தைகள் படத்துக்குப் பெற்றோரைக் கேட்க வேண்டும். பதின்வயதுப் பிள்ளையாக இருந்தால் பிள்ளையையும் கேட்க வேண்டும். ஒருவர் தனியே எழுதியதைப் படமெடுத்து மூன்றாமவருக்கு அனுப்புவது, அவர் கடிதத்தை உறை பிரித்துத் தெருவில் ஒட்டுவதற்குச் சமம். 'எடுத்துவிடு' என்று நண்பர் சொன்னால் ஏன் என்று கேட்காமல் எடுத்துவிடுவதும், அனுப்பிய குழுக்களிலிருந்து நீக்கிவிட்டு அவருக்குத் தெரிவிப்பதும் கடமை. படம் ஏற்கெனவே அங்கிருந்து போயிருக்கலாம். ஆனாலும் இவன் எடுத்துவிட்டான் என்பது அவருக்கு முக்கியம்.

எல்லாவற்றுக்கும் கேட்டுக்கொண்டிருந்தால் சிநேகிதத்தின் கலகலப்பு போய்விடாதா? கொஞ்சம் போகும். ஆனால் பெரும்பாலும் "தாராளமாகப் போடு" என்றே பதில் வரும். "வேண்டாமே" என்று ஒருவர் சொல்லும் அந்த ஒரே தடவைக்காகத்தான் மற்றத் தடவைகளில் கேட்பது. அவர் காரணம் சொல்லாமல் இருக்கலாம். அவரைக் காரணம் சொல்லவைக்காமல் இருப்பதே அவருக்குக் கொடுக்கும் அந்தரங்கம்.

அரண்மனை முற்றத்தில் மணி எட்டை நெருங்குகிறது. விளக்குகள் அணையும் நேரம். கூட்டம் வாசலை நோக்கி நகர்கிறது. வேனில் ஏறி உட்கார்ந்ததும் எல்லோரும் தலைகுனிந்து அவரவர் படங்களைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். ஆறு பேர் நிற்கும் படம் ஒருவர் விரல் நுனியில் இருக்கிறது. இன்னும் போகவில்லை. உரிமையை நிலைநாட்ட ஒன்பது நீதிபதிகளும் 547 பக்கமும் தேவைப்பட்டன. இங்கே பக்கத்து இருக்கையில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டால் போதும்.